ஊமை வாணம்

சாத்தூர் சாலையில் பட்டாசு முதலாளி ராஜபாண்டியனின் பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் வட்டமான ஓர் அரங்கு இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் கூரை முழுக்கத் திரை. விளக்கை அணைத்ததும் அதில் ராத்திரி வானம் வரும். பிறகு வாணங்கள் ஒவ்வொன்றாக ஏறிப் பூத்து, நம் மடியிலேயே கொட்டுவது போல இறங்கும். வருஷக்கணக்காக அதே கால் மணி நேரப் படம். ஒலிபெருக்கிகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போக, மிச்சமிருந்த ஒன்றையும் ஆபரேட்டர் மாரிக்கண்ணன் கழற்றி வைத்துவிட்டார். ஊர்ப் பிள்ளைகள் அதற்கு 'ஊமை வாணம்' என்று பேர் வைத்தார்கள்.

அவர் கழற்றியது தன் மனைவி செல்லத்தாய்க்காக. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவள் திரி செருகிக்கொண்டிருந்தவள். விபத்து நடந்த அன்று அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள். அவளுடைய தங்கச்சி அறைக்குள்ளே இருந்தாள். அதைப் பற்றி இவ்வளவு போதும், மேலே சொல்லி உங்கள் மனசைப் புண்ணாக்க மாட்டேன். அதற்கப்புறம் செல்லத்தாய் கல்யாணம், திருவிழா எதற்கும் போவதில்லை. தீபாவளியன்று காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு போர்வைக்குள் கிடப்பாள். ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து பஸ் ஏறிப் பூங்காவுக்கு வந்துவிடுவாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து சத்தமில்லாத வாணங்களைப் பார்ப்பாள். அன்றைக்கு மட்டும் வீட்டுக்குப் போகிற வழியில் புருஷனிடம் நாலு வார்த்தை பேசுவாள். மாரிக்கண்ணனுக்கு அந்த வாரம் ஓட அது போதும்.

இப்படி இருக்கையில், ராஜபாண்டியனின் மகள் பிரீத்திகா சென்னையில் படிப்பை முடித்துவிட்டு வந்து பூங்காவைக் கையிலெடுத்தாள். படம் வெளுத்துவிட்டது, நாற்காலியில் பஞ்சு பிதுங்குகிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நீர்ச்சறுக்கோடு திரும்பிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் மாற்றுவது என்று முடிவு செய்தாள். புதுப் படம், தரையதிரும் ஒலி, ஆடும் இருக்கை, கடைசியில் வெடிமருந்து வாசனை.

"சத்தம் வைக்காமப் பண்ண முடியாதா பாப்பா?" என்று கேட்டார் மாரிக்கண்ணன்.

"வாணம்னா சத்தம் இல்லாமயாண்ணே? ஊமைன்னு சிரிக்காங்கல்ல."

"சிரிச்சிட்டுப் போறாக. எங்க வீட்ல அவளுக்குப் போக்கிடம் இது ஒண்ணுதான் பாப்பா."

பிரீத்திகாவுக்கும் அது தெரியும். "மதினி வாற அன்னிக்குக் கொறச்சு வச்சுக்கிருவோம். ஒரு பட்டன்தானே. நான் பொறுப்பு" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

வீட்டில் செல்லத்தாய் கேட்டாள். "நாக்காலி ஆடுமாமே?"

"ஊஞ்சல் மாதிரி ஆடும். வந்து பாரு."

"இது சரியா வரலைன்னா நான் அங்கன வரமாட்டேன். அம்புட்டுத்தான்."

தீபாவளி முடிந்து கம்பெனிகளுக்கு லீவு விட்டிருந்தார்கள். அச்சங்குளத்தில் ராஜபாண்டியனுக்கு இருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களைக் குடும்பத்தோடு அழைத்து, வெள்ளோட்டமாக ஒரு காட்சி வைத்தாள் பிரீத்திகா. செல்லத்தாயும் வருகிறாள் என்பதால் ஒலியைக் குறைத்து வைக்கச் சொல்லியிருந்தாள்.

"சலூன் சேருல்ல போட்டிருக்காக. சேவிங் உண்டா முதலாளி?" என்று ஒருவர் கேட்டார்.

"மருந்து வாசன வேற வருமாம்லே. வருசம் முச்சூடும் மோந்தது பத்தாதுன்னு இதுக்கு டிக்கெட்டு வேறயா?" என்றாள் பின்னாலிருந்த அம்மாள். ராஜபாண்டியனே சிரித்துவிட்டார்.

மடிமேல் கம்பி இறங்கியது. கனத்த புதுக் கதவுகள் மூடிக்கொண்டன. படம் அழகாகத்தான் இருந்தது. "ஏ, அது நம்ம சரக்குலே" என்று ஒரு குரல் பெருமையாகச் சொன்னது. கடைசி வாணம் உதிர்ந்து முடிய, அரங்கு இருண்டது. இருக்கைகள் ஒரு தூக்குத் தூக்கிக் கீழே விட்டன. கந்தக வாசனை பரவியது. அந்த இருட்டில், செல்லமான ஒரு குரல் கேட்டது.

"சத்தம் கேட்டதா?"

பிள்ளைகள் "கேட்டது" என்று கத்துவார்கள் என்று நினைத்து, படம் எடுத்த சென்னைக்காரர்கள் எழுதிய வரி அது. ஆனால் இந்தப் பக்கத்தில் வெடித்துவிட்டது என்று யாரும் வாயால் சொல்வதில்லை. பகலில் தரை அதிர்ந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, "எங்கன சத்தம்?" என்றுதான் கேட்பார்கள். ஊர்ப்பேர் தெரிகிறவரை ஒருவரும் உட்கார மாட்டார்கள்.

யாரும் அலறவில்லை. கம்பிகளைத் தள்ளிவிட்டு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இருட்டில் போன்கள் வெளிச்சம் விட்டன. "ஏலே, எங்கன சத்தம்?" "யம்மா, நீ எங்கன இருக்க?" "சின்னவ வீட்டுக்கு வந்துட்டாளா?" கம்பெனிகள் பூட்டிக் கிடப்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்த வரியைச் சென்னை ஸ்டூடியோவில் பலமுறை கேட்டு ரசித்தவள் பிரீத்திகா. அவள் காதிலும் போன் இருந்தது. "எங்கன சத்தம்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன தாயி கேக்கீக? இங்க ஈ காக்கா இல்ல" என்றார் அச்சங்குளத்துக் காவல்காரர்.

அடுத்த இருக்கையில் அவளுடைய அப்பாவும் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார். அவர் அழைத்தது அவளைத்தான்.

பயப்படாதீர்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மாரிக்கண்ணன் ஓடிவந்து கதவுகளைத் திறந்துவிட்டார். வெயிலுக்கு வந்ததும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அழுதவர்களும் உண்டு.

செல்லத்தாய் மட்டும் வெளியே வரவில்லை. கடைசி வரிசையில், கம்பிக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாரிக்கண்ணன் கம்பியைத் தூக்கிவிட்டார்.

"வா தாயி. ஒண்ணுமில்ல, படந்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா எந்திரிக்கல?"

"எல்லாரும் போனடிச்சாக. நான் யாருக்கு அடிக்க?"

வாசலில் நின்ற பிரீத்திகாவுக்கும் அது கேட்டது. உள்ளே வந்து, செல்லத்தாயின் காலடியில் படியிலேயே உட்கார்ந்தாள்.

"தப்பு எம்மேலதான் மதினி. அந்தப் பேச்சு, குலுக்கல், வாசன எல்லாத்தையும் எடுத்துருதேன். நீங்க வாற அன்னிக்குச் சத்தமும் இருக்காது."

செல்லத்தாய் வாசலைப் பார்த்துச் சொன்னாள். "கதவ அடைச்சிட்டீகளே பாப்பா. ஒங்க கம்பெனியில ஆளு உள்ள இருக்கையில கதவ அடைப்பாகளா?"

அடைக்க மாட்டார்கள். மருந்து இருக்கும் அறையில் ஆள் வேலை பார்க்கும்போது கதவு திறந்தே கிடக்க வேண்டும் என்பது பிரீத்திகா சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த விஷயம். பழைய அரங்கின் வாசலிலும் கறுப்புத் துணிதான் தொங்கியது. அதை அவள்தான் அவிழ்த்துப் போட்டிருந்தாள்.

கதவைத் திறந்து வைத்தால் வெளிச்சம் அடித்து வானம் சாம்பலாகத் தெரியும், புதுக் கருவியின் அருமையே போய்விடும் என்று சென்னைக்காரர்கள் போனில் மன்றாடினார்கள். "தெரியட்டும்" என்றாள். கதவுகளையே கழற்றி எடுத்துவிட்டு மறுபடியும் துணியைத் தொங்கவிட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் அந்தத் துணியையும் ஒதுக்கிக் கட்டச் சொன்னாள்.

செல்லத்தாய் அடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. மாரிக்கண்ணனும் வீட்டில் அவளைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். உள்ளே போய் உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, முதுகில் வெயில் அடிக்க நின்றாள். பிரீத்திகா ஒலியை அடியோடு நிறுத்தினாள். சாம்பல் வானத்தில் வாணங்கள் வெளுப்பாக ஏறின, வெளுப்பாக உதிர்ந்தன. பாதிப் படத்தில் செல்லத்தாய் திரும்பினாள்.

"இன்னைக்கு இம்புட்டுப் பாத்தாப் போதும்."

"நீங்க கூடப் போங்கண்ணே" என்றாள் பிரீத்திகா. மாரிக்கண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு, மனைவியோடு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். வழியில் அவள் அந்த நாலு வார்த்தைகூடப் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.