நான்கு குரலில் பாடும் ஜெயபாய்

எங்கள் ஆப்புக்குப் பணம் கட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் வித்துரா ஊர் ஜெயபாயைப் போல இன்னொருத்தர் கிடையாது. சர்ச் குவயரில் சேர்ந்து பாடுகிறவர்கள் வீட்டிலிருந்தே பழகுவதற்கான ஆப் அது. சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று ஒவ்வொரு குரலையும் தனியாகப் பாடிக் காட்டும். ஆப்பில் பதிவாகும் கணக்குப்படி ஜெயபாய் விடியும்போது சொப்ரானோ பழகுவாள், மத்தியானம் ஆல்டோ, சாயங்காலம் டெனர். ஊர் அடங்கும் நேரத்தில் பேஸ்.

"டெனரும் பேஸும் ஆம்பளைக் குரலாச்சேடா," என்றேன் என் கூட்டாளி அபினிடம்.

"பாடட்டுமே," என்றான்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் மாடி அறைக்கு மத்தியானம் நல்ல காற்று வரும். லேப்டாப் முன்னாலேயே கண் சொக்கும். அந்த அரைத்தூக்கத்தில் ஜெயபாய் வருவாள். மூடுபனிக்குள் ஒரு ஜன்னல், உள்ளே ஒருத்தி தனக்குத் தானே நாலு பேராகப் பாடிக்கொண்டிருப்பாள். முகம் தெரியாது. எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போயிற்று. இப்படிப்பட்ட பைத்தியங்கள் இன்னும் கொஞ்சம் பேர் கிடைத்தால் கம்பெனி பிழைத்துவிடும். ஆளுக்கு இவ்வளவு, மாதாமாதம் என்று விலை வைத்தது நான்தான். எங்கள் வீட்டில் பாட்டு என்றால் ஒருத்தி தம்பூராவோடு தனியாக உட்கார்ந்து சாதகம் செய்வது. வேறு விதமாக விலை வைக்க எனக்குத் தோன்றவேயில்லை.

ஆப்பை முழுக்க எழுதியவன் அபின், பாறசாலைக்காரன். பெங்களூரில் ஒரு கம்பெனி அவனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சந்தா ஏறினால் தானாக இங்கேயே இருந்துவிடுவான் என்று நினைத்தேன். ஜெயபாயைப் போன்றவர்களை எப்படிப் பிடிப்பது என்று அவளிடமே கேட்கலாமென்று, செவ்வாய்க்கிழமை அவன் பைக்கில் வித்துராவுக்குப் போனோம்.

ஜெயபாய் சகரண பேங்கில், அதாவது கூட்டுறவு வங்கியில், வேலை பார்க்கும் கலகலப்பான பெண். பழம்பொரி வாங்கி வைத்துக் காத்திருந்தாள்.

"நாலு குரலும் நீங்களே பாடறேளா சேச்சி?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டாள். "நான் சொப்ரானோ மட்டும்தான் மோளே. பாஸ்வேர்டை குவயர் குரூப்பில இட்டிருக்கேன். ஒருத்தர் உள்ள கேறினா மத்தவங்க வெளிய போயிடுவினும். அதனால நேரம் பங்கு வச்சிருக்கோம். பேஸ்காரங்க கடையடச்சுட்டு வந்துதான் பாடுவினும்."

திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் இல்லாத ஒருத்தியை நினைத்து உருகியிருக்கிறேன்.

"எல்லாரும் ஓசியில பாடிண்டிருக்கா," என்றேன்.

"குவயர் அப்படித்தான். பூட்டு கீட்டு போடாத ஸ்நேகா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரு கணக்குக்கு ஒரு போன் என்று அன்றைக்கே ஆப்பின் செட்டிங்கில் பூட்டிவிட்டு, புதுச் சந்தாக்கள் வரட்டும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. விடியும்போது சொப்ரானோ மட்டும் ஓடியது. மத்தியானம் கண் சொக்கினால் அந்த ஜன்னல் வந்தது, உள்ளே சத்தமில்லை.

வெள்ளிக்கிழமை ஜெயபாய் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மோளே, மத்தவங்களுக்கு ஆப் தொறக்கல்லியே."

ஆளாளுக்குத் தனியாக வாங்க வேண்டும் என்று விறைப்பாகச் சொன்னேன்.

"அது நடக்காது. படிக்கிற பிள்ளைங்க எப்படி வாங்குவினும்? குவயருக்குன்னு மொத்தமா ஒரு ரேட் இல்லியா? சபைக் கமிட்டி தந்துடும். பக்கத்துச் சபைக்காரங்களும் கேக்குவினும்."

போனை வைத்துவிட்டு அபினிடம் பாய்ந்தேன். "சின்ன வயசுலேர்ந்து குவயர்ல பாடறவன் நீ. இதை முதல்லயே சொல்லப்படாதா?"

"நீ கேட்டதே இல்லியே. விலைய வச்சுட்டு வந்துதான் எங்கிட்டச் சொன்ன."

"சரி, குவயர் ரேட் இன்னிக்கே போட்டுடலாம்."

"போடு. ஓடும்," என்றான். பிறகு லேப்டாப்பை மூடினான். "நான் காலைல பெங்களூருக்குச் சம்மதம் சொல்லிட்டேன்."

"போகாதேடா," என்றேன். "நீ இல்லாம என்னால முடியாது."

அவன் லேப்டாப்பை எடுத்துத் தன் பையில் வைத்தான்.

"இத நேத்து சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்," என்றான்.