சூளைக்கு வைத்த மூஞ்சி

கொரிந்து நகரத்துக் குயவர் தெருவில், மிர்த்தாலேயின் சூளைக்கு யார் கண் பட்டதோ, மூன்று தடவையாக, கோயில் திருவிழாக் காணிக்கைக்கென்று சுட்ட மண்பொம்மைகள் அத்தனையும் வெடித்துப் போயின. சிறகு போன ஸ்பிங்க்ஸையும் கால் போன குதிரைமனிதனையும் எந்தச் சாமி ஏற்கும்? நாலாவதும் போனால் குளிர்காலத்துக்கு வீட்டில் பார்லி கிடையாது.

அதனால் சூளைப் பேயை விரட்ட சாட்டர் என்னும் காட்டுப் பூதத்தின் பொம்மை ஒன்று செய்து சூளை வாசலில் மாட்டினாள். குதிரைக் காது, சப்பை மூக்கு, தொங்கும் நாக்கு. பேயே பார்த்தால் ஓடிவிடும்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலை. அறுபது பொம்மைகளை அடுக்கி, தீ மூட்டிவிட்டுத் திரும்பினால் ஆணியில் சாட்டரைக் காணோம்.

"ஏங்க, இங்க மாட்டியிருந்தது எங்க?"

"வித்துட்டேன்," என்றான் புருஷன் லிகோன், ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி. "டயோனைசஸ் கோயிலுக்கு வைக்கணும்னு ஒருத்தர் ஆசையா வாங்கிட்டுப் போனார்."

"அட பாவி மனுஷா! சூளைக் காவலை எவனாவது விப்பானா?"

கோயிலுக்குள் போனால் சாமி சொத்து. திரும்பக் கேட்க முடியாது. புதிதாகச் செய்தால் காயவே நாலு நாளாகும். மிர்த்தாலே தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு, சுவரோரம் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்த கொழுந்தன் மொலோனை மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, இந்த வாசல்ல வந்து நில்லு. நாக்கை நீட்டிக்கோ."

"எதுக்கு அண்ணி?"

"அந்தப் பொம்மையை உன் மூஞ்சியைப் பாத்துத்தான் செஞ்சேன்."

பழம் அவன் வாயிலேயே நின்றது. பாவம், ஊரிலேயே தான்தான் அழகன் என்று நினைப்பு. தினமும் தலையில் எண்ணெய் வழிய ஊற்றடிக்குப் போய்ப் பெண்கள் எதிரே நிற்பவன்.

"அதைப் பாத்து நானே விழுந்து விழுந்து சிரிச்சேனே, அண்ணி." அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆனாலும் போய் நின்றான். வெயிலிலும் புகையிலும், பொழுது சாயும்வரை, உருட்டிய கண்ணும் நீட்டிய நாக்குமாக. கோபத்தில் மூஞ்சி இன்னும் நன்றாகவே கோணியது.

மறுநாள் விடிந்ததும் சூளையைத் திறந்தார்கள். அறுபதும் முழுசு. ஒரு வால்கூட உடையவில்லை. மிர்த்தாலே அழுதே விட்டாள்.

செய்தி கேட்டுத் தெருவே வாசலில் கூடிவிட்டது. "அடுத்தது எங்க சூளைக்கு அனுப்பும்மா!" என்று ஒரே கூச்சல். கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள் எதிர்வீட்டுக் குயவன் மகள் ஃபிலின்னா, ஊற்றடியில் ஒருநாளும் மொலோனை ஏறெடுத்துப் பார்க்காதவள். கையில் சூடாகத் தேன் பணியாரம்.

"எங்க சூளைக்கும் வருவீங்களா?"

மொலோன் தண்ணீர்க் குடத்துக்குப் பாய்ந்தான். "ஒரு நிமிஷம், மூஞ்சி கழுவிட்டு வந்துடறேன்!"

"கழுவித் தொலைச்சுடாதே!" என்று கத்தினாள் மிர்த்தாலே. "அந்த மூஞ்சிக்காகத்தான்டா வந்திருக்கா!"