மோட்டார் நிற்பதற்குள்

"ஏனுங்க, அத்தையோட போனு இங்க ஊட்லயே அடிக்குதுங்க!"

சமையல் மேடையிலிருந்து மோகனப்பிரியா எடுத்துவந்த போனைப் பார்த்ததும் கணவன் கதிர்வேலின் முகம் வெளுத்துவிட்டது. இவ்வளவு நேரமும் அவன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அந்தப் போனைத்தான்.

"அப்ப எங்கம்மாளுக்கு எப்படிச் சொல்றது?"

"மொதல்ல நீங்க சத்தம் போடாதீங்க" என்றார் வாசலில் நின்ற வனக்காவலர் தமிழ்ச்செல்வன். "மத்த ஆனையெல்லாம் விடியறதுக்குள்ள மலையேறிருச்சு. இந்தக் கொம்பன் மட்டும் ஒத்தையா உங்க தொட்டியில தண்ணி குடிச்சுப்போட்டு அங்கயே நிக்குது."

"எந்தத் தொட்டி? மோட்டார் ரூம் தொட்டியா?"

"அதேதானுங்க. கதவுக்குக் கிட்டத்துல."

காரமடைக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய தோட்டம். வீட்டுக்கும் மோட்டார் அறைக்கும் நடுவில் ஆள் மறையும் உயரத்துக்கு வாழை. த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் போடப் போன கதிர்வேலின் அம்மா சின்னாத்தாள், வழக்கம்போல உள்ளே தாழிட்டுக்கொண்டு பாயில் படுத்திருப்பாள். அவளுக்கு அந்த இரைச்சலில்தான் நல்ல தூக்கம் வரும். மோட்டார் ஓடும் வரைக்கும் இடி விழுந்தாலும் கேட்காது. நின்றால், அந்த நொடியே எழுந்து கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். கரண்ட் ஒன்பது மணி வரைக்கும் என்று கணக்கு. முன்னாலேயே போகிற நாளும் உண்டு.

"நோம்பிக்கு வாங்குன பட்டாசு கெடக்குது. நாலு வெடியப் போட்டா ஓடிப்போயிருமுங்க."

"எந்தப் பக்கம் ஓடும்னு நீங்க சொல்லுவீங்களா, கதிர்வேலு? மெரண்டு போயி அந்தச் செவுத்து மேல சாஞ்சா? ஹாலோ பிளாக் செவுரு, மேல தகரம். உள்ள ஆளு."



"ஈ.பி.க்குச் சொல்லி கரண்டை நிறுத்தாம வெக்கச் சொல்லலாமில்லீங்க?" என்றாள் மோகனப்பிரியா.

"கூப்புட்டாச்சு அம்மணி. லைன் போகவே மாட்டேங்குது."

மோகனப்பிரியா துடியலூர் மண்டபத்தில் ஒரு கல்யாணத்தைப் படம் எடுக்கப் பட்டுச்சேலை கட்டிக் கிளம்பி நின்றவள். சட்டென்று உள்ளே போய் டிரோன் பையைத் தூக்கி வந்தாள்.

"இது கல்யாண வேலை இல்லீங்க அம்மணி" என்றார் தமிழ்ச்செல்வன். "எங்காளுக டிரோனோட வந்துட்டிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"ஒரு மணி நேரம் ஆகுமுங்க."

"அதுக்குள்ள மோட்டார் நின்னுபோச்சுன்னா?"

அவர் மலையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டரை. "சரி. ஒசரத்துல நின்னு பாக்கறதோட சரி. கீழ மட்டும் எறக்கப்படாது."

மொட்டை மாடியிலிருந்து டிரோன் எழும்பியது. நேற்று ஆர்.எஸ்.புரத்து ரிசப்ஷனில் மற்ற பேட்டரிகள் தீர்ந்திருந்தன. இது ஒன்றுதான் மிச்சம். திரையில் தென்னை மட்டைகள் விலகின. தகரக் கூரை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் தொட்டி. தொட்டியோரம், செம்மண் பூசிய முதுகு.

"அடேங்கப்பா" என்றான் கதிர்வேல்.

மோகனப்பிரியாவின் கை பழக்கத்தில் வேலை செய்தது. மணமக்களைச் சுற்றிக் கட்டம் போடுவதுபோல யானையைச் சுற்றி விரலால் ஒரு கட்டம் போட்டாள். வட்டமடிக்கும் பொத்தானைத் தொட்டாள். டிரோன் யானையை நடுவில் வைத்துத் தானாகவே சுற்ற ஆரம்பித்தது.

"எதுக்குங்க அம்மணி சுத்தறீங்க?"

"எந்தப் பக்கம் வழி கெடக்குதுன்னு பாக்கலாமுங்க."

யானை காதுகளை விரித்தது. தும்பிக்கை மேலே எழுந்தது. டிரோன் வீட்டுப் பக்கம் வந்தபோது அதுவும் வீட்டுப் பக்கம் திரும்பியது. டிரோன் மலைப் பக்கம் போனபோது அதுவும் மலைப் பக்கம் திரும்பி, இரண்டடி பின்வாங்கியது. சுற்றச் சுற்றப் பின்வாங்கிக்கொண்டே போய், அறையின் பக்கச் சுவரில் அதன் பின்புறம் மோதியது. தகரம் அதிர்ந்தது திரையிலேயே தெரிந்தது.

"அய்யோ, செவுரு!" என்றான் கதிர்வேல்.

"ஏனுங்க இது, போகவும் மாட்டேங்குது, நிக்கவும் மாட்டேங்குது?" என்றாள் மோகனப்பிரியா.

தமிழ்ச்செல்வன் திரைக்குள் தலையை நீட்டினார். "தேனீக் கூட்டம்னு நெனைக்குதுங்க. இந்த ரீங்காரம் ஆனைக்கு ஆகாது."

"ஆகாதுன்னா ஓடணுமில்லீங்க?"

"ஓடத்தான் பாக்குது."

மோகனப்பிரியா மறுபடி திரையைப் பார்த்தாள். யானை ஒரு திசையில் அடி எடுத்து வைக்கிறது. டிரோன் அங்கே வந்துவிடுகிறது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது.

"நாலு பக்கமும் நாந்தான் அடைச்சு வெச்சிருக்கேன்" என்றாள்.

வட்டத்தை நிறுத்தினாள். டிரோன் மலைப் பக்கத்தில், யானை போகவேண்டிய வழியிலேயே நின்றது. அதை அங்கிருந்து நகர்த்தி வீட்டுப் பக்கம் கொண்டுவந்துகொண்டிருந்தபோது தோட்டம் முழுக்க அமைதியாகிவிட்டது.

மோட்டார் நின்றுவிட்டது.

கதிர்வேல் படியை நோக்கிப் பாய்ந்தான். தமிழ்ச்செல்வன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "நீங்களும் போனா மாட்டறது ரெண்டு பேரு, கதிர்வேலு!"

திரையில் கதவு திறந்தது. சின்னாத்தாள் வெளியே வந்தாள். யானை மூலைக்கு அந்தப் பக்கம். இவள் இந்தப் பக்கம். நடுவில் ஒரு சுவர் முனை. சத்தம் கேட்டு அண்ணாந்தாள். டிரோனைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். நெற்றி முடியை ஒதுக்கினாள். நேராக நின்று, பல் தெரியச் சிரித்தாள்.

"படம் புடிக்கறேன்னு நெனச்சுட்டாங்க!" மோகனப்பிரியா கத்தினாள். "அத்தை, உள்ள போங்க... உள்ள போங்க அத்தை..."

"அங்க எப்படிங்க கேக்கும்?" என்றார் தமிழ்ச்செல்வன்.

அவள் விசையைக் கீழே அழுத்தினாள். டிரோன் மாமியார் தலையை நோக்கிப் பாய்ந்தது.

"எறக்கப்படாதுன்னேனில்ல!"

சின்னாத்தாள் குனிந்தாள். ஓடவில்லை, கீழே கிடந்த தென்னை மட்டையை எடுத்து ஓங்கினாள்.

"உங்கம்மாளப் பாருங்க! சண்டைக்கு நிக்கறாங்க!"

"மறுக்கா உடு புள்ள! மூஞ்சிக்கு நேரா உடு!" என்று கத்தினான் கதிர்வேல்.

மறுபடி, இன்னும் தாழ்வாக. காற்றில் முந்தானை பறந்தது. மட்டை கைநழுவியது. சின்னாத்தாள் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே உள்ளே ஓடிக் கதவை அறைந்து சாத்தினாள்.

சாத்திய சத்தத்துக்கு யானை மூலையைச் சுற்றி வந்தது.

இப்போது கதவுக்கும் யானைக்கும் நடுவில் டிரோன் மட்டும்தான். திரை முழுக்க நெற்றியும் தந்தமும். பேட்டரி சிவப்பில் மினுக்கியது.

"இன்னும் கிட்டப் போயி முடுக்கித் தொரத்துங்க அம்மணி."

"போக மாட்டேனுங்க. இந்தப் பக்கத்தை மட்டும் அடைச்சுட்டு நிக்கறேன். மத்த பக்கமெல்லாம் அதுக்குத் தெறந்து கெடக்கட்டும்."

யானை மண்ணை வாரி வீசியது. திரை மங்கி, தெளிந்தது. அவள் விரல்களை அசைக்கவில்லை. யானை தலையை ஒருமுறை ஆட்டியது, மெதுவாகத் திரும்பியது. நாலடி நடந்தது. பிறகு ஓடியது. தென்னைகளுக்கு நடுவே, பள்ளத்தில் இறங்கி, மலைப் பக்கம்.

பேட்டரி தீர்ந்த டிரோன் தானாகவே தாழ்ந்து மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்தது.

மூன்று பேரும் கொஞ்சம் பொறுத்துத்தான் அங்கே போனார்கள்.

"அத்தை, கதவைத் தொறங்க."

"தொறக்க மாட்டேன்! எம்மேல கோவம்னா வாயில சொல்லோணும். அந்தக் கருமத்தை உட்டா முட்டுவே?"

"கோவமெல்லாம் இல்லீங்க அத்தை. செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆனை நின்னுச்சுங்க."

"ஆனையா?"

"கொம்பனுங்க."



"போயிருச்சா?"

"போயிருச்சுங்க. நானே பாத்தனுங்க."

"நீ பாத்தது பொட்டியில. கண்ணால பாத்தவங்க யாராச்சும் வந்து சொல்லட்டும். அது வரைக்கும் தொறக்கறதா இல்லை."

"நான் பாத்துப்போட்டு வாரனுங்க ஆத்தா" என்று தமிழ்ச்செல்வன் பள்ளத்தை நோக்கி நடந்தார். கதிர்வேலும் கூடப் போனான்.

மோகனப்பிரியா டிரோனை எடுக்கக் குனிந்தவள் எடுக்கமுடியாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் அங்கதான் இருக்கறியா?" உள்ளேயிருந்து குரல்.

"ஆமாங்க அத்தை."

"நீ மட்டுமா?"

"ஆமாங்க."

"பயமா இருக்குதா, கண்ணு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. கை மட்டும் வெளியே வந்து அவள் தோளைப் பற்றி இழுத்தது.

"மொதல்ல உள்ள வா."