முதலாளிக்கு அரை மாத்திரை

முதலாளி கூடைக்குள்ளிருந்து தும்மியது. மிருக வைத்தியரின் காத்திருப்பு அறையில் தூங்கிக்கொண்டிருந்த நாய் ஒன்று எழுந்து நின்றது. சுவர்க் காலண்டரில் இரண்டு மாதம் தானாகப் புரண்டது. காலண்டர் விஷயத்தை என் மனைவி மறுப்பாள். நான் சொல்வதில் அவள் மறுக்காதது என் பெயரும் வயதும்தான். வயதிலும் அவளுக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

முதலாளி எங்கள் பூனை. ஒரு வேலையும் செய்யாமல், எல்லோரையும் முறைத்துக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிடுவதால் அந்தப் பெயர். நான் உயரமான கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டியவன். ஏறுகிறவர் எந்த மாடி என்று சொன்னதும், அது வருவதற்குள் முடிகிற மாதிரி ஒரு புளுகை எடுத்துவிடுவேன். கீழ் மாடிக்காரர்களுக்குச் சின்னது. உச்சி மாடிக்குப் போகிறவர்களுக்குக் குடும்பம் குட்டியோடு. வேலை நின்று பல வருஷமாயிற்று, வாய் நிற்கவில்லை.

முந்தின நாளிலிருந்தே முதலாளிக்குத் தும்மல். கண்ணில் நீர், மூக்கில் சளி. மூக்கு அடைத்துப் போனதால் மீனை வைத்தாலும் வாசனை தெரியாமல், அதை ஏதோ கல்லைப் பார்ப்பது போலப் பார்த்தது. மனைவி குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, ஆவியில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடைப்பு கொஞ்சம் கேட்கத்தான் செய்தது. எனக்கும் ஜலதோஷம். காலையில் அவள் கடைக்குப் போயிருந்தபோது ஒரு ஜுர மாத்திரையை விழுங்கினேன். ஒரே வீடு, ஒரே ஜலதோஷம், அதற்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை என்று இன்னொன்றை உடைத்து, பாதியை நீரில் கரைத்து அதன் வாயோரம் ஊற்றினேன். அவள் திரும்பியபோது அது சுருண்டு கிடந்தது. களைப்பு என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சரி, காட்டிவிடுவோம் என்று கூடையில் வைத்துக் கிளம்பினோம்.

எழுந்து நின்ற நாய் திடீரென்று கழுத்தை நீட்டி, மூக்கால் காற்றை உறிஞ்சி உறிஞ்சிக் கரகரத்தது. நாய்க்காரப் பெண் அலறிவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா, இது தலைகீழ் தும்மல்" என்றார் உதவியாளர். "வெளிய விடுறதுக்குப் பதிலா உள்ள இழுக்குது. தொண்டையத் தடவிக் குடுங்க, நின்னுடும்."

தடவினாள், நின்றது. "நல்லவேளை. எங்க வீட்டு ஜுர மாத்திரைல ஒரு துண்டு குடுக்கலாம்னு இருந்தேன்."

"ஐயையோ! நம்ம மாத்திரைய நாய்க்கே கேக்காம குடுக்கக் கூடாது. பூனைன்னா குடுக்கவே கூடாது. அரை மாத்திரை போதும், ஆளையே முடிச்சிடும்."

லிஃப்ட் கயிறு அறுந்தால் எப்படி இருக்கும் என்று எத்தனையோ பேருக்கு வர்ணித்திருக்கிறேன். என் காலத்தில் ஒருநாளும் அறுந்ததில்லை. இப்போது அறுந்தது. வயிறு மேலே நின்றுவிட்டது, நான் மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தேன்.

கூடையைத் திறந்து முதலாளியின் உதட்டைத் தூக்கினேன். ஈறு பழைய தேநீர்க் கறை மாதிரி பழுப்பாக இருந்தது. முகம் உப்பியிருந்தது. அது என்னை முறைக்கவில்லை.

எங்கள் முறைக்குக் காத்திராமல் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். மனைவி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"மன்னிச்சுக்குங்க டாக்டரம்மா, வெறும் தும்மல்தான்..."

"நான் அதுக்கு மாத்திரை குடுத்துட்டேன்" என்றேன்.

"இவர் பேச்ச விடுங்க. இந்தப் பூனை லிஃப்ட்ல தனியா ஏறி, பொத்தான அமுக்கி, மொட்டை மாடிக்குப் போச்சுன்னு போன வாரம் சொன்ன மனுஷன்."

டாக்டரம்மா சிரித்தார். ஆயுசு முழுக்க அந்தச் சிரிப்புக்காகத்தான் உழைத்திருக்கிறேன். இப்போது அதை யாராவது நிறுத்தினால் தேவலை என்றிருந்தது.

"ஜுர மாத்திரை. காலையில. அரை."

மேலே சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூனை தண்ணீர் கேட்டது, நன்றி சொன்னது என்பது போல் ஏதோ ஒரு வால் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவள் முகம் வெளுத்தது.

"டாக்டரம்மா, இவர் நெசமாத்தான் சொல்றார். இதோட நிறுத்திட்டாரு பாருங்க."

அதன் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை. காலில் ஊசி ஏறியது. மாற்று மருந்து சொட்டத் தொடங்கியது. பிராணவாயுக் குழாய் செருகிய கண்ணாடிப் பெட்டிக்குள் முதலாளியைப் படுக்க வைத்தார்கள்.

"பொழச்சிடுமா?"

"மருந்து ஏறட்டும் ஐயா. நாளைக்குத்தான் ஏதாவது சொல்ல முடியும்."

மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் மூச்சு விட்டிருப்பேன். பெட்டிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாவது சொல்லுங்க" என்றாள், பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"என்னத்தச் சொல்ல?"

"ஏதாவது. பொய்யாவே இருக்கட்டும்."

எந்த மாடி என்று தெரியாமல் நான் ஒரு கதையும் ஆரம்பித்ததில்லை. முதலாளியின் மூக்குக்கு நேரே கண்ணாடியில் பொத்தான் அளவுக்கு ஒரு பனி வட்டம் படர்ந்தது. மெல்லச் சுருங்கியது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மறுபடி படர்ந்தது.

"ஒரு ஊர்ல..." என்று ஆரம்பித்தேன்.