விருந்துக்குப் பாகற்காய்

“மாப்ளைக்கு அகத்திக்கீரை பண்றேன்டி. பாவக்காயும் வறுத்து வைக்கிறேன். நெறையச் சாப்புடட்டும்.”

அம்மா போனில் சொன்னது இவ்வளவுதான். அதற்குள் அண்ணன் மணிமாறன் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். நாளன்னைக்குக் காலையில் சென்னைத் துறைமுக வாசலில் காரோடு நிற்பதாகச் சொன்னான். அங்கிருந்து நேராகப் பூலாம்பாடி வீட்டுக்குப் போய்விடலாம், நடந்தது நடந்துபோச்சு, பாப்பா சந்தோஷமா வந்தாப் போதும் என்றான். அபிநயா ம் கொட்டிக்கொண்டே நின்றாள். அவளைச் சுற்றி, திருகோணமலைத் துறைமுகத்தின் தளத்தில், கப்பலிலிருந்து இறங்கிய ஜோடிகள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னவாம்?” என்றான் கலைச்செல்வன். முகமெல்லாம் சிரிப்பு.

“விருந்துக்கு என்ன பண்றதுன்னு அம்மா சொன்னாங்க.”

“பாத்தியா. நான்தான் சொன்னேன்ல.”

பெரம்பலூரில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் விற்கும் கடையில் வேலை பார்த்தவன் அவன். போன வருஷம் கோடையில் அவளுடைய அப்பாவின் கரும்புக்காட்டுக்கு மோட்டார் இறக்க வந்து, அப்படித்தான் பழக்கம். மூன்று மாதத்துக்கு முன் பதிவுத் திருமணம் செய்துகொண்டு திருச்சிக்குப் போய்விட்டார்கள். விற்பனை நன்றாக இருந்ததென்று மோட்டார் கம்பெனி ஜோடி ஜோடியாகக் கப்பலில் சுற்றுலா அனுப்பிய பட்டியலில் அவன் பெயரும் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அபிநயா கப்பலின் படத்தை அண்ணனுக்கு அனுப்பிவைத்தாள். என்றைக்கு எத்தனை மணிக்குத் திரும்பி வரும் என்று அவன் கேட்டதற்கு, அதையும் அவளேதான் சொன்னாள்.

ஓட்டோவில் கோட்டைக்குள் போனார்கள். புள்ளிமான்கள் தெருநாய்களைப் போலப் பாதையில் படுத்துக்கிடந்தன. கலைச்செல்வன் இறங்கி ஒரு மானுக்கு வாழைப்பழத் தோலைக் கொடுத்தான். கடைப் பலகைகளெல்லாம் தமிழில் இருந்தன. வேறு நாட்டுக்கு வந்தும் தன்னுடைய எழுத்தையே வாசிப்பது அவளுக்குக் கனவில் நடப்பதுபோல இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் ஒவ்வொரு பலகையாக நின்று படித்திருப்பாள்.

அவன் ஒரு கடையில் மணிமாறனுக்கென்று நீலக்கட்டம் போட்ட சாரம் ஒன்று எடுத்தான், நம்மூர்க் கைலிதான். அத்தைக்குத் தேயிலை.

“ஒங்கண்ணன் கட்டுவாரா இதை?”

“தெரியல.”

“கட்டுவாரு. வேட்டி கட்டுனா அவுத்துக்குற ஆளு.”

அவள் சிரிக்கவில்லை.

அவள் வீட்டு வேலிப்படலில் பாகற்கொடி எப்போதும் உண்டு. ஆனால் விருந்தாளி வருகிற நாளில் அதைப் பறிக்கக்கூடாது. ஒருமுறை செட்டிகுளத்துப் பெரியம்மா சொல்லாமல் வந்து நின்றபோது, அடுப்பில் வெந்துகொண்டிருந்த பாகற்காயை அம்மா சட்டியோடு தூக்கிக் கூடைக்கு அடியில் கவிழ்த்துவிட்டு அப்பளம் பொரித்தாள். கசப்பை இலையில் வைத்தால் உறவு முறிந்துபோகும் என்பது அம்மாவின் கணக்கு. அகத்திக்கீரை அதைவிட மோசம். தாத்தா செத்த கருமாதிக்குத்தான் இரண்டையும் சேர்த்துச் சமைத்தாள். அந்த வீட்டு ஆண்களுக்கு இலையில் விழுவதுதான் தெரியும். அடுப்பில் எது என்றைக்கு ஏறக்கூடாது என்று அவர்கள் கேட்டதே கிடையாது. மணிமாறன் பக்கத்தில் நிற்க, போன் ஸ்பீக்கரில் கிடக்க, அம்மா அந்த இரண்டையும்தான் சொன்னாள்.

மலைமேல் கோணேசர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து கைப்பிடிச் சுவரோரம் நின்றார்கள். கீழே, வெகு ஆழத்தில், கடல் பாறையை மோதிக்கொண்டிருந்தது. அங்கே வைத்துச் சொன்னாள்.

“கலை, நாம பூலாம்பாடிக்குப் போகக்கூடாது.”

அவன் முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தான். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் சிரிப்பு போய்விட்டது.

“பாவக்காய்க்காகவா?”

“ஆமா.”

“எங்க வூட்ல மழைக்காலம் பூரா அதான்டி கொழம்பு. சொந்தக்காரங்க வந்தாலும் அதான். யாரும் முறிச்சிக்கிட்டுப் போகல.”

“ஒங்க வூடு வேற.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எப்படி விழுந்தது என்று அவளுக்கே உறைத்தது. அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“வேறதான். மோட்டார் மாட்ட வந்தப்ப ஒங்க வூட்டுக் கொல்லப்பக்கமாச் சுத்தித்தான் வந்தேன். தண்ணி கேட்டேன், ஒங்கப்பா கையில ஊத்துனாரு. எங்கப்பா இன்னும் பூலாம்பாடிலதான் இருக்காரு, அபி. ஒங்க ஆளுங்க டீக்கடையைத் தாண்டித்தான் ஆடு ஓட்டிட்டுப் போறாரு. ஒரே ஒரு தடவை முன்வாசல் வழியா அந்த வூட்டுக்குள்ள போயிட்டு வந்துட்டா அவரு நிமிந்து நடப்பாரு. அவங்களே கூப்புடுறாங்க. நீ என்னடான்னா காய்கறிக்கு அர்த்தம் சொல்ற.”

“எங்கம்மா எனக்குச் சொல்றாங்க.”

“ஒங்கம்மா மறந்து சொல்லியிருப்பாங்க.”

“மறக்கிற ஆளு இல்ல.”

பக்கத்தில் ஒரு மரத்தில், பிள்ளை வேண்டிக்கொண்டவர்கள் கட்டிய சின்னச்சின்ன மரத்தொட்டில்கள் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

“மறுபடி ஒரு தடவை கேக்குறேன்,” என்றாள். “பாயசம் உண்டான்னு. மருமகன் மொதமொத ஒக்காருற இலையில எங்க வூட்ல இனிப்பைத்தான் முதல்ல வைப்பாங்க. உண்டுன்னு சொன்னா நான் வாயே தொறக்கல, போவோம். இல்லன்னு சொன்னா?”

“இல்லன்னு சொல்ல மாட்டாங்க.”

“சொன்னா?”

அவன் தலையாட்டினான்.

கடற்கரைச் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வைஃபை இருந்தது. “இந்தியாவில இருந்தே வாறீங்கள்?” என்று கேட்டுவிட்டுக் கடைக்கார அம்மா இரண்டு செவ்விளநீர் வெட்டி வைத்தாள். அபிநயா அண்ணனின் எண்ணுக்கே போட்டாள். அம்மாவுக்குத் தனியாகப் போன் இல்லை. இருந்ததை அவள் வீட்டை விட்டுப் போன அன்றைக்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

“சொல்லு பாப்பா,” என்றான் மணிமாறன். சின்ன வயதில் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு பேசிய அதே குரல். அம்மா வேறு எதையோ சொல்லியிருக்கக்கூடாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள்.

“அம்மாகிட்ட குடுங்கண்ணே. இவருக்குப் பாயசம்னா உசுரு. அதைச் சொல்லத்தான்.”

“இரு, ஸ்பீக்கர்ல போடுறேன்.”

அம்மா வந்தாள்.

“அம்மா, பாயசம் வைப்பீங்கல்ல?”

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை நகர்த்தும் சத்தம்.

“பாயசத்துக்கு எங்கடி போறது. வூட்ல வெல்லம் இல்ல.”

கலைச்செல்வன் கையிலிருந்த இளநீரை மெதுவாக மேசையில் வைத்தான். அந்த வீட்டில் கரும்பு விளைவதும், வெல்லம் பானை பானையாக அடுக்கிக்கிடப்பதும் அவனுக்குத் தெரியும். மோட்டாரை இறக்கி வைக்க இடமில்லாமல் அந்தப் பானைகளை அவனே நகர்த்தியிருக்கிறான்.

“சரிம்மா,” என்றாள் அபிநயா.

“கடல் எப்படிடி இருக்கு?”

அம்மா கடலைப் பார்த்தது கிடையாது. வேளாங்கண்ணிக்கு ஒருமுறை வேன் ஏற்பாடு செய்து, கடைசியில் மாடு கன்று போட்டதால் அம்மா மட்டும் நின்றுவிட்டாள்.

“பச்சையா இருக்கும்மா. கரையோரம் வெளுப்பு. தூரத்துல போகப்போக நம்ம ஏரி மேகம் மூடுன அன்னைக்கு இருக்குமே, அந்தக் கலரு. மலைமேல நின்னு பாத்தா அலை தெரியல, சுருக்கம் விழுந்த துணி மாதிரி இருக்கு. காத்து உப்புக் கரிக்குது. ஒதட்டை நக்குனா உப்பு.”

“ம்.”

“ராத்திரி கப்பல் ஆடும்மா. தொட்டில் மாதிரி. பயமா இல்ல.”

“பயப்படாத,” என்றாள் அம்மா.

“போதும் போதும், நேர்ல பேசிக்கங்க,” என்று மணிமாறன் குறுக்கே வந்தான். “எந்த வாசல் பாப்பா?”

“பெரிய வாசல்ணே. அங்கேயே நில்லுங்க. வந்துடுறோம்.”

போனை வைத்ததும் அவள் அழுவாள் என்று கலைச்செல்வன் எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. போனை அவன் கையில் கொடுத்து, “மாமாவுக்குப் போடு,” என்றாள்.

அவன் அப்பா சாமிதுரை ஆடு மேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, கெளம்பி ஜெயங்கொண்டத்துச் சித்தி வூட்டுக்குப் போயிடு. இப்பவே.”

“ஆட்டை என்ன பண்றது?”

“பக்கத்து வூட்ல உடு. டீக்கடை வழியாப் போகாத. காட்டு வழியா ரோட்டுக்குப் போயி பஸ் ஏறு.”

அவர் காரணம் கேட்கவில்லை. செருப்பைத் தேடி மாட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் கலைச்செல்வன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாரம் வைத்த பை நாற்காலியிலேயே கிடந்தது. கடைக்கார அம்மா பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தாள்.

கப்பல் ஏறும் வரிசையில் கம்பெனி மேனேஜர் ஜெயசீலன் இவர்களுக்கு முன்னால் நின்றார். அரியலூர்க்காரர், நல்ல மனுஷன். கலைச்செல்வன் அவரிடம் சொல்ல வாயெடுத்தான். அபிநயா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அவரு யாரு, என்ன ஆளுங்கன்னு நமக்குத் தெரியாது.”

“அபி, மூணு வருஷமாப் பாக்குறேன் அவரை.”

“எங்கண்ணனை நான் இருபத்திரண்டு வருஷமாப் பாக்குறேன்.”

அவன் வரிசையில் நகர்ந்தான்.

உள்ளே போனதும் அவளே முன்னால் நடந்து, விசாரணை மேசையில் இருந்த பெண்ணிடம் நின்றாள். வட இந்தியப் பெண். அடையாள அட்டையில் மொழிகள் எழுதியிருந்தன, தமிழ் இல்லை. அபிநயா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சென்னையில் இறங்கும்போது தங்களுக்குப் போலீஸ் வேண்டும் என்றாள். தன் அண்ணன் தங்களைக் கொல்லக் காத்திருக்கிறான் என்றாள். கலைச்செல்வன் பின்னால் வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பெண் உடனே யாருக்கோ போன் செய்தாள். பிறகு ஒரு தாளை எடுத்து, மிரட்டினாரா, என்ன சொன்னார், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று பொறுமையாகக் கேட்டாள்.

“விருந்துக்குப் பாகற்காய் சமைப்பேன் என்று என் அம்மா சொன்னார்,” என்றாள் அபிநயா.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “சரி. அதனால்?”

கப்பலின் சங்கு ஊதியது. தரை லேசாக அசைந்தது. அபிநயா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வேலிப்படலில் இருந்த கொடியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.