எந்த ஜெபத்துக்கு ஆமென்

திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, குடும்ப ஜெபத்தின் கடைசியில், அப்பா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"பரம பிதாவே, என் மகன் இந்த வீட்டை விட்டுப் போவதற்கு வேண்டிய மனதை அவனுக்குத் தாரும். ஆமென்."

சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி கை கழுவப் போய்விட்டார். பாயில் மூன்று பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மகன் என்றால் அந்த வீட்டில் ஒரே ஒருவன்தான். நாற்பத்தொரு வயது, லிஃப்ட் மெக்கானிக். பக்கத்தில் அவன் மனைவி, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அவளுக்குப் பக்கத்தில் பதினொரு வயதுப் பெண், பாப்பா என்று கூப்பிட்டால் இப்போதெல்லாம் முறைக்கிறவள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

வேறு வீடாக இருந்தால், "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடலாம். இந்த வீட்டில் அது முடியாது. ஜெபத்தில் ஒருவர் சொன்னதை, ஆமென் சொன்ன பிறகு இன்னொருவர் எடுத்துப் பேசக் கூடாது. அது அம்மா போட்ட சட்டம்.

மெக்கானிக் பன்னிரண்டு வயதில், பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்ததை ஜெபத்தில் வாய்விட்டு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். ஆண்டவர் மன்னித்தாரோ என்னவோ, ஆமென் சொல்லி முடிப்பதற்குள் அப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டார். அன்றைக்கு அம்மா குறுக்கே வந்து நின்றாள். "அவன் உங்ககிட்டயா சொன்னான்? ஆண்டவர்கிட்டதானே சொன்னான்? நடுவுல நீங்க யாரு?" என்று கேட்டாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டி, எதிரே வருகிற லாரிக்குக்கூட வழிவிடாத மனுஷன், அந்தக் கேள்விக்கு வழிவிட்டார். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை மீறுவது அம்மாவையே மீறுவது என்று அப்பாவும் மகனும் பேசி வைத்துக்கொள்ளாமலே இருந்தார்கள்.

ஆகவே மெக்கானிக் அன்றைக்குச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே மண்டையைக் குடைந்துகொண்டான். அவனுக்கு உதறல் எடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவனுடைய சாப்பாட்டுப் பைக்குள், கம்பெனியிலிருந்து வந்த ஒரு கடிதம் பத்து நாளாகக் கிடந்தது. ரயிலில் ஒரு இரவும் அரைப் பகலும் போகிற தூரத்தில், கம்பெனி ஒரு பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. அங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்கு லிஃப்ட் வேலை சொல்லிக்கொடுக்க அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் வீட்டில் மூச்சு விடவில்லை. போனால் குடும்பத்தோடு போக வேண்டும், அப்பா இந்த வீட்டை விட்டு வரமாட்டார்; அம்மாவின் கல்லறை நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறவர். எழுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் மக்கர். அவரை விட்டுவிட்டுப் போனால் தகப்பனைக் கனம்பண்ணு என்று, பெற்றவரை மதிக்கச் சொல்கிற வேதக் கட்டளை என்ன ஆவது? முடியாது என்று எழுதிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். நினைத்தானே தவிர, எழுதவில்லை.

இப்போது அப்பாவே போகச் சொல்கிறார். எதற்கு? கடிதம் அவருக்குத் தெரிய வழியே இல்லை. அப்படியென்றால், தன்னை வீட்டை விட்டுத் துரத்துகிறாரா? பெற்ற மகன் அலுத்துப் போய்விட்டானா?

செவ்வாய்க்கிழமை நிலைமை இன்னும் மோசமானது. அந்த வீட்டில் ஜெபம் சின்னவரில் தொடங்கிப் பெரியவரில் முடியும். பாப்பா தன் முறை வந்ததும், "இயேசப்பா, தாத்தா ரூம் எனக்கு வேணும்னு நான் அன்னைக்குச் சும்மாதான் சொன்னேன்" என்றாள். அடுத்து மனைவி. "ஆண்டவரே, மாமா மனசு நோகுற மாதிரி நான் எதாவது பேசியிருந்தா மன்னியும். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னது அவர் காதுக்கு நல்லதுன்னுதான், உமக்கே தெரியும்" என்று சொன்னாள். ஆளாளுக்குப் பழியைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். மெக்கானிக்கின் முறை வந்தது. வழக்கமான நாலு வரியை ஒப்பித்தான். கடைசியில் அப்பா, யார் சொன்னதையும் காதில் வாங்காதவர் மாதிரி, முந்தின நாள் சொன்னதையே ஒரு சொல் பிசகாமல் சொல்லி ஆமென் போட்டார்.

மறுநாள் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. லிஃப்ட் கூண்டின் தலையில் நின்றுகொண்டு, தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டபடி, கூட வேலை செய்கிறவனிடம் விஷயத்தைச் சொன்னான். சுவரோடு ஒட்டிக்கொண்டு எந்தச் சந்திலும் ஏறிவிடுவதால் அவனுக்குப் பல்லி என்று பெயர்.

"நேரா கேட்டுட வேண்டியதுதானே?" என்றான் பல்லி.

"கேக்கக் கூடாதுடா. சட்டம்."

"பெத்த அப்பாகிட்ட கேக்கக் கூடாதுன்னு ஒரு சட்டமா? என்ன குடும்பம்டா உங்களது!" பல்லி சிரித்த சிரிப்பு ஒன்பது மாடிக்கும் கேட்டிருக்கும். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "சரி, உனக்கு என்ன வேணும்? போகணுமா, இருக்கணுமா?" என்றான்.

"அப்பா என்ன நினைக்கிறார்னு தெரிஞ்சா சொல்லிடுவேன்."

"நான் அதையா கேட்டேன்?" என்று சொல்லிவிட்டுப் பல்லி எண்ணெய்க் குவளையை வாங்கிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கே கிளம்பிய மெக்கானிக், தெருமுனை போன பிறகுதான் கருவிப் பையை வீட்டில் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து திரும்பினான். பை அப்பாவின் அறை வாசலில் இருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அப்பா கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தனியாக ஜெபித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஒட்டுக் கேட்கவில்லை. குனிந்து பையை எடுத்தான், அவ்வளவுதான். ஆனால் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"அவன் போகாம இருக்கணும் ஆண்டவரே. எப்படியாவது அவன் போகாம இருக்கணும்."

குடும்ப ஜெபத்தில் வருகிற கம்பீரமான தமிழ் அதில் இல்லை. கெஞ்சல் மட்டும்தான் இருந்தது. மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி வெளியே வந்தான். அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. ஐந்தாம் மாடிப் பொத்தானுக்கு ஆறாம் மாடியின் கம்பியை மாட்டி, ஒரு கிழவியைத் தேவையில்லாமல் ஒரு மாடி அதிகம் ஏற்றிவிட்டான். சாயங்காலம் போ என்கிறார், காலையில் போகாதே என்கிறார். எந்த அப்பாவைக் கனம்பண்ணுவது?

அன்று ஏழு மணிக்குப் பாப்பா ஜெபித்தாள், மனைவி ஜெபித்தாள். அவன் முறை வந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"ஆண்டவரே, எனக்குத் தலை வெடிக்குது. என் தகப்பன் சாயங்காலம் ஒண்ணு கேக்குறார், காலையில ஒண்ணு கேக்குறார். நான் எதைச் செஞ்சா அவரைக் கனம்பண்ணினதா ஆகும்?"

ஆமென் இன்னும் சொல்லவில்லை. ஆகவே சட்டப்படி இது ஜெபம்தான். அப்பாவுக்கும் அது தெரிந்திருந்தது.

"கர்த்தாவே," என்றது அப்பாவின் குரல். மகன் முடிக்கும் முன்னே, நடுவில் புகுந்து. "இவன் ஒட்டுக் கேட்டிருக்கிறான்."

"ஆண்டவரே, நான் பையை எடுக்கத்தான் வந்தேன்."

"கர்த்தாவே, போன வாரம் இவன் குளித்துக்கொண்டிருந்தபோது இவன் போனுக்கு ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. பயிற்சிப் பள்ளி வேலைக்கு என்ன முடிவு என்று கேட்டார்கள். பெற்ற தகப்பனிடம் இவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை."

"எந்த வேலை?" என்றாள் மனைவி, ஆண்டவரைச் சேர்த்துக்கொள்ள மறந்து. பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆண்டவரே, சொன்னா அப்பா சங்கடப்படுவாரேன்னுதான் சொல்லலை."

பிறகு அப்பா பேசினார். கம்பீரத் தமிழ் கழன்று விழுந்துவிட்டது.

"சாயங்காலம் நான் கேக்குறதுதான் நியாயம், ஆண்டவரே. அவனுக்கு நல்ல வேலை, அவன் போகணும். காலையில எழுந்தா அந்த நியாயம் எங்க போகுதுன்னே தெரியலை. வீடு காலியா இருக்கிற மாதிரி நினைச்சுப் பாக்குறேன், பயமா இருக்கு. ரெண்டும் நான்தான் கேக்குறேன். ரெண்டும் நிஜம்தான். நீர் எதைக் கேப்பீரோ, எனக்கே குழப்பமாத்தான் இருக்கு."

இந்த நாலு நாளும் மெக்கானிக் காத்திருந்தது ஒரு உத்தரவுக்காக. போ என்று ஒரு உத்தரவு கிடைத்தால், அங்கே போய்க் கஷ்டப்படுகிற நாளில் அப்பாதான் அனுப்பினார் என்று சொல்லிக்கொள்ளலாம். இரு என்று கிடைத்தால், இருக்கிற காலம் முழுக்க அப்பாவுக்காக இருந்தேன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். எப்படியானாலும் பாரம் அந்தக் கிழவர் தலையில். இதற்குத்தான் கனம்பண்ணுவது என்று பெயர் வைத்திருந்தோமா என்று வெட்கமாக இருந்தது. பல்லி கேட்ட கேள்விக்கு அவன் இதுவரை யாரிடமும் பதில் சொல்லவில்லை, தனக்குத்தானேகூட.

"ஆண்டவரே," என்றான். "எனக்கு அந்த வேலை வேணும். ரொம்ப ஆசையா இருக்கு. அப்பாவை விட்டுட்டுப் போகவும் மனசு வரலை. ஆனா வேணும். அப்பா சொன்னதுக்காக இல்லை, நானேதான் கேக்குறேன்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். அடுத்து முறைப்படி அப்பா. அவர் ஆரம்பிக்கவில்லை. மனைவி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அதற்கு மேல் தாங்காமல் மெக்கானிக் கண்ணைத் திறந்தான்.

அப்பா கண்ணைத் திறந்துகொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெப நேரத்தில் அவர் கண் திறந்து அவன் இதுவரை பார்த்ததே இல்லை. கண் இரண்டும் நிறைந்திருந்தது.

"இதைச் சொல்ல இத்தனை நாளாடா உனக்கு?" என்றார். ஆண்டவரிடம் இல்லை, அவனிடம். "நீ போ. நாளைக்கே எழுதிப் போடு. ஆனா ஒண்ணு. காலையில நான் கேக்குறதை நிறுத்தச் சொல்லாத. நீ அங்க போய்ச் சேர்ந்த பிறகும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்."

அவன் தலையை ஆட்டினான். அப்பா கண்ணைத் திறந்துகொண்டே சொன்னதால், இதற்கு ஆமென் சொல்லலாமா கூடாதா என்று பாயில் இருந்த யாருக்கும் தெரியவில்லை.