முரசுக்குப் பின்னால் ஓர் இருக்கை

மகளுக்கு எந்த இருக்கை வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டபோது, முரசுக்குப் பின்னால் என்றார் இசைக்குழுவின் நடத்துநரான அம்மா. அரங்கிலேயே மலிவான இடம். சத்தம் காதைப் பிளக்கும். ஆனால் நடத்துநரின் முகம் தெரிவது அங்கிருந்துதான். மற்ற ரசிகர்களுக்கெல்லாம் முதுகு.

மகளுக்கும் சிறு வயதிலிருந்து வாய்த்தது அந்த முதுகுதான். காய்ச்சலில் கிடந்தபோதும், அப்பா பெட்டியோடு வெளியேறிய அன்றும், அம்மா இசைத்தாள்களின் மேல் கவிந்திருந்தார். வளர்ந்தபின் அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். "ஒரு தடவை நான் வேலை செய்யறதைப் பாரு. பார்த்தா உனக்கே புரியும்," என்று கெஞ்சித்தான் அவளை வரவழைத்திருந்தார். கச்சேரி முடிந்ததும் ஒன்றாக வீட்டுக்குப் போகலாமா என்றதற்கு, "பார்க்கலாம்" என்றிருந்தாள்.

"கண்டக்டரே ஓசி டிக்கெட் குடுத்தா யாரு மேடம் செக் பண்றது?" என்றார் முரசுக்காரர், ஒத்திகையில்.

"வாயைக் குறைங்க. ரெண்டாம் பாதியில அடியையும் குறைங்க. எம்பொண்ணு உங்க முதுகுக்குப் பின்னாடிதான் உக்காரப் போறா."

முதல் பாதியில் ஒவ்வொருவர் முறை வரும்போதும் நடத்துநரின் கண்கள் முன்கூட்டியே அவரைத் தேடிச் சென்றன. பதற்றக்காரரான குழல்காரருக்காகத் தானும் மூச்சை இழுத்து நின்றார். கொம்புக்காரர் ஒரு சுரத்தைத் தவறவிட்டபோது லேசாகச் சிரித்துத் தலையசைத்தார்.

இடைவேளையில் மகள் ஒப்பனை அறை வாசலில் நின்றாள்.

"எப்படிடா இருந்துச்சு?"

"அவர் தப்பா ஊதினாரே, நீ சிரிச்ச."

"முறைச்சா அடுத்ததும் தப்பாயிடும்டா."

"தெரிஞ்சிருக்குல்ல உனக்கு." அவள் குரல் உயரவில்லை. "உனக்கு அப்படிப் பார்க்கவே வராதுன்னு நினைச்சிட்டிருந்தேன். அதனால மன்னிக்கவும் முடிஞ்சுது. நான் வந்திருக்கக் கூடாதும்மா."

மணி அடித்தது.

"முடியற வரைக்கும் இருப்பல்ல?"

மகள் கைநீட்டி, அம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டாள். "கூப்பிடுறாங்க. போ."

இரண்டாம் பாதியில் முரசு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அதன் முறை வந்ததும் நடத்துநர் கண்களை உயர்த்தினார். முரசுக்காரரின் தோளுக்கு மேல் இருக்கை காலியாக இருந்தது. கண்களை விலக்க வழியில்லை, முரசுக்காரர் சைகைக்காகக் காத்திருந்தார். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே பார்வையை நடத்துநர் அவருக்கும் கொடுத்தார்.

முரசுக்காரர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்லியிருந்தபடி, மெதுவாக அடித்தார்.